குருநகரில் திரை – 11: மின்சாரமில்லாத ஊரும் மர்மதேசமும்

‘மர்மதேசம்’ தொடரின் முதல் கதையான ‘ரகசியம்’ சன் தொலைக்காட்சியில் தொடங்கியது 1995இல். அந்த வருடம் யாழ்ப்பாணத்துக் கடற்றொழிலூரான குருநகரில் மின்சாரம் நின்று ஐந்து வருடமாகியிருந்தது.

இயக்குநர் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் அதைத் தயாரித்தது. கதை இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கம் நாகா. 2001 வரை அந்தப் பெயரின் கீழ் ஐந்து கதைகள் வந்தன: ரகசியம், விடாது கருப்பு, சொர்ண ரேகை, இயந்திரப் பறவை, எதுவும் நடக்கும். முதற்கதைகள் சன் தொலைக்காட்சியிலும் பின்னவை ராஜ் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பாயின. ஒவ்வொன்றுக்கும் தனி ஊர், தனி மனிதர்கள், தனி முடிவு. பொதுவாக இருந்தது தலைப்பும் ஒரே ஒரு கேள்வியும்தான்: நடப்பது தெய்வச் செயலா, மனிதன் வேலையா?

அந்த ஆறு வருடங்களும் யாழ்ப்பாணத்துக்கு வேறு கணக்கில் கழிந்தவை. இடப்பெயர்வு, திரும்பி வருதல், ஊரடங்கு, மூடிய பாதை. கடலுக்கு அந்தக் கரையில் ஒரு தலைமுறை கிழமைக்கொருமுறை பெட்டியின் முன் உட்கார்ந்து பயந்துகொண்டிருந்தபோது, இந்தக் கரையில் பெட்டி பெரும்பாலும் ஓடவில்லை.

*

முன் பகுதிகளில் வந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்.

ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் தொடங்கியது. வசதியான வீடுகளின் கூரைக்கு மேல் இரும்புக் குழாய்களில் அன்ரனாக்கள் எழுந்தன. கொழும்பு அலையைவிடத் தெளிவாகச் சில இரவுகளில் இந்தியத் தூரதர்ஷன் விழுந்தது. 1987இல் கொடைக்கானலில் உயர்சக்தி அஞ்சல் நிலையம் இயங்கத் தொடங்கியதும் அது இன்னும் எளிதாயிற்று. 2,000 மீற்றருக்கு மேல் உயரமான மலையிலிருந்து புறப்பட்ட அலைக்குப் பாக்குநீரிணை ஒரு தடையாக இருக்கவில்லை. ராமாயணம் தொடர் இந்தக் கரைக்கு வந்தது அந்த வழியால்தான்.

அன்ரனா இல்லாதவர்களுக்கு டெக் இருந்தது. ரீவி, டெக், ஜெனறேற்றர் மூன்றையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுப்பார்கள். அயலவர்கள் காசு சேர்ப்பார்கள். வளவுக்குள் பாய் விரித்து, வாங்கின் மேல் பெட்டியை வைத்து, விடியும்வரை மூன்று படங்கள் ஓடும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. தேசிய மின்வலையமைப்பிலிருந்து குடாநாடு துண்டிக்கப்பட்டது. ஜூலையில் கொக்காவில் முகாம் வீழ்ந்தபோது அங்கிருந்த ரூபவாஹினி அஞ்சல் நிலையமும் போயிற்று. பொருளாதாரத் தடைப் பட்டியலில் எரிபொருளும் பற்றரியும் ஏறின. கூரைகளில் அன்ரனாக்கள் நின்றபடி நின்றன. கீழே பெட்டிகள் துணி போர்த்திக் கிடந்தன.

*

அந்த இருட்டு எப்படிப்பட்டது என்று தெரியாமல் இந்தப் பகுதியின் மீதியைப் புரிந்துகொள்ள முடியாது.

வீட்டுக்கு ஒரு ஜாம்போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சு, அதில் ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், ஒரு சிறு திரி. போத்தல் கண்ணாடி காற்றைத் தடுக்கும். சுடர் சிறியதாகையால் எண்ணெய் பல மணி நேரம் தாங்கும். அதன் வெளிச்சம் ஒரு புத்தகத்தின் ஒரு பக்கத்துக்குப் போதும். சுவருக்கு எட்டாது. அதைச் சுற்றியிருந்துதான் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள்.

வானொலிக்குச் சைக்கிள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் பிபிசி தமிழோசையும் மணிலாவிலிருந்து வெரித்தாஸ் வானொலியும் கேட்டன. சுற்றுகிறவர் கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தாழும். செய்திக்காகச் சுற்றினார்கள், பாட்டுக்காகவும் சுற்றினார்கள். படத்துக்கு இது போதாது. தொலைக்காட்சிப் பெட்டிக்குச் சைக்கிள் டைனமோவின் சக்தி கிட்டவும் வராது.

ஆனால் தொடர் கேட்கும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ இலங்கை வானொலியில் போன காலத்தில், அடுத்த பகுதிக்காகக் குடும்பம் குடும்பமாகக் காத்திருந்த ஊர்கள் இவை. ஒரு கதையை நறுக்கி நறுக்கிக் கொடுத்தால் அதை மனத்தில் ஒட்டிக்கொண்டே போகத் தெரிந்த ரசிகர்கள் இங்கு இருந்தார்கள். அவர்களிடம் இல்லாமற்போனது மின்சாரம் ஒன்றுதான்.

இன்னொரு மாற்றத்தையும் இங்கே குறிக்க வேண்டும். அது தொழில்நுட்ப மாற்றம். அதன் விளைவு பெரிது, பேசப்பட்டது குறைவு.

அந்நாளில் தூரதர்ஷன் தரைவழி ஒளிபரப்பு. கோபுரத்திலிருந்து நாலாபக்கமும் பரவும் அலைக்குக் கரை எது, கடல் எது என்று தெரியாது. உயரமான குழாயில் அன்ரனாவைக் கட்டி வடமேற்கே திருப்பினால் அது விழும். 1993 ஏப்ரல் 14இல் தொடங்கிய சன் தொலைக்காட்சி அப்படியில்லை. அது செய்மதி வழியாக வந்தது. அதைப் பிடிக்கப் பெரிய டிஷ் வேண்டும், அலைவாங்கிப் பெட்டி வேண்டும், இரண்டையும் இறக்குமதி செய்யத் திறந்த பாதை வேண்டும். ஆக, தமிழ்நாட்டின் சிறந்த தொடர்கள் தூரதர்ஷனை விட்டுச் செய்மதிக்கு நகர்ந்த அதே காலத்தில், கடல் தாண்டி இலவசமாக வழிந்துகொண்டிருந்த வழியும் குருநகருக்கு அடைபட்டது. மின்சாரம் இருந்திருந்தாலும் பழைய அன்ரனாவில் மர்மதேசம் விழுந்திருக்காது.

*

1995 ஒக்ரோபர் 30. இராணுவம் நெருங்கிவர, அன்றிரவு வலிகாமம் எழுந்து நடந்தது.

குருநகர் மக்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்தார்கள். மழை பெய்தது. அந்த இரவைப் பற்றி இந்தத் தொடர் தனியாகவே ஒரு பகுதி எழுதும். இங்கே அதன் பலனை மட்டும் சொல்லலாம்: ஊர் வெறுமையாயிற்று. டிசம்பர் 5இல் இராணுவம் யாழ்ப்பாண நகரில் கொடியேற்றியபோது அதைப் பார்க்க அங்கே ஊர்மக்கள் இல்லை.

1996 ஏப்ரலிலிருந்து மக்கள் திரும்பினார்கள். மின்சாரம் டீசல் இயந்திரங்களின் துணையோடு பகுதி பகுதியாக மீண்டது. இரவு ஊரடங்கு இருந்தது. கடற்றொழிலுக்கு நேரக் கட்டுப்பாடும் அனுமதிச் சீட்டும் இருந்தன. இரவில் வலை போட்டு விடியலில் கரைசேர்ந்த ஒரு கடற்றொழிலூர் இரவுகளில் வீட்டுக்குள் அடைந்துகிடந்தது. குருநகரின் வரலாற்றில் அதற்கு முன்னும் துயரங்கள் உண்டு. 1986 ஜூனில் மண்டைதீவுக் கடலில் மீனவர்கள் கொல்லப்பட்டார்கள். 1993 நவம்பர் 13இல் புனித யாகப்பர் ஆலயத்தின் மேல் விமானக் குண்டு விழுந்து உயிர்கள் போயின. ஆனால் கடலுக்கே போகக்கூடாத இரவு என்பது அந்த ஊருக்கு வேறு விதமான தண்டனை.

நாய் குரைத்தால் கதவுக்குப் பின்னால் எல்லோரும் மூச்சையடக்கிக்கொண்ட காலம் அது. 1996இல் மட்டும் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கானோர் காணாமற்போனார்கள்.

‘ரகசியம்’ கதையிலும் ஒரு நாய் வருகிறது. நவபாஷாண லிங்கம் இருக்கும் ஒரு சிவன் கோயில். இருட்டிய பின் அங்கே நிற்கத் துணிந்தவர்களைப் பைரவரின் நாய் கடிக்கும் என்ற நம்பிக்கை. சென்னையில் அந்தக் காட்சிகளைப் பார்த்த பிள்ளைகள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். பயம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்ற உறுதி அவர்களுக்கு இருந்தது. அமானுஷ்யக் கதை இன்பம் தருவது அந்த உறுதியின் மேல் நின்றுதான். குருநகரில் அந்த வருடங்களில் இல்லாதிருந்தது அந்த உறுதி.

*

இனி, தொடரின் உச்சத்துக்கு வரலாம்.

‘விடாது கருப்பு’ 1990களின் பிற்பாதியில் வந்தது. இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டு விடு கருப்பா’ நாவல் அதன் மூலம். ஊர் தோட்டக்காரமங்கலம். தவறு செய்கிறவனைக் காவல் தெய்வமான கருப்புசாமி விடமாட்டார் என்று ஊர் நம்புகிறது. தவறு செய்கிறவர்களுக்கு உண்மையிலேயே தண்டனையும் விழுகிறது. இரவில் வெள்ளைக் குதிரையில் ஓர் உருவம் போகிறது.

நாகா இதை இரண்டு காலத்தில் பிரித்துச் சொன்னார். ஒரு பக்கம் ராசு என்ற சிறுவனின் கிராமத்துப் பிள்ளைப்பருவம். மறுபக்கம் வளர்ந்தவர்களின் நிகழ்காலம். சேத்தன், தேவதர்ஷினி ஆகியோர் நிகழ்காலப் பாத்திரங்களில் நடித்தார்கள். இரண்டு கதைகளும் மாறி மாறி வரும். ஒன்றில் விழுந்த முடிச்சு மற்றதில் அவிழும். அவிழும்போதே இன்னொன்று விழும். தொடர்கள் பெரும்பாலும் வீட்டு வரவேற்பறைக்குள்ளேயே எடுக்கப்பட்ட காலத்தில், நாகா கமராவை வயலுக்கும் கோயில் வெளிக்கும் தோப்புக்கும் கொண்டுபோனார். காற்றும் புழுதியும் அந்தக் கதையில் பாத்திரங்கள்.

கடைசியில் குதிரைமேல் வந்தவன் யாரென்று தெரியும்போது, விடை மனநோய்க்குள் இருக்கிறது. தான் செய்வது தனக்கே தெரியாத ஒரு மனிதன். ஓர் உடலுக்குள் இரண்டு ஆள். மருத்துவம் அதற்கு விளக்கம் சொல்கிறது. ஆனால் கருப்பு இல்லை என்று தொடர் எங்கும் சொல்லவில்லை. நம்புகிறவரும் நம்பாதவரும் தங்கள் பக்கமே வென்றது என்று எழுந்து போகலாம். இந்திரா சௌந்தர்ராஜனின் கைவந்த கலை அதுதான். இந்த வகைக் கதையில் தமிழில் அவ்வளவு நிதானத்தோடு தராசைப் பிடித்தவர் வேறு யாருமில்லை என்றே சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் அவர் மறைந்தபோது, இரங்கல்களில் முதலில் வந்து நின்ற பெயர்களில் ஒன்று ‘விடாது கருப்பு’.

அமெரிக்காவில் இந்த வகைத் தொகுப்புத் தொடருக்கு அடித்தளமிட்டது ரொட் சேர்லிங்கின் ‘த ருவைலைற் ஸோன்’. அது 1959இல் தொடங்கியது. அங்கே ஒரு பகுதியில் ஒரு கதை முடிந்துவிடும். மர்மதேசம் அந்த வழியில் போகவில்லை. ஒவ்வொரு கதையையும் ஒரு முழு நாவல் அளவுக்கு நீட்டி, பல கிழமைகளுக்குப் பரப்பியது. வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை வாசித்துப் பழகிய சமூகத்துக்கு அதுவே இயல்பான வடிவம். தொடரின் பாதி கதை திரையில் நடந்தது. மீதிப் பாதி அடுத்த ஒளிபரப்பு வரையான ஆறு நாட்களில் தேநீர்க்கடையிலும் பள்ளிக்கூடத்திலும் கிணற்றடியிலும் நடந்தது. யார் அந்தக் குதிரைக்காரன்? ஒவ்வொருவரிடமும் ஒரு விடை இருந்தது.

*

பிந்திப் பார்க்கிறவர்களுக்கு இழப்பு நேர்வது அந்த இடத்தில்தான்.

அந்த வருடங்களில் தமிழ்நாட்டுத் தொடர்கள் ஒளிநாடாக்களில் பதிவாகி உலகம் சுற்றின. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸின் லா சப்பலிலும் தமிழ்க் கடைகளின் அடுக்குகளில் அவை வாடகைக்கு இருந்தன. ஒரு நாடாவில் பல பகுதிகள் இருக்கும். குருநகரிலிருந்து புலம்பெயர்ந்தவர்கள் ஊரிலிருந்தவர்களுக்கு முன்பே மர்மதேசத்தைப் பார்க்க வாய்த்தது இப்படித்தான். ஒரு குடும்பத்தின் ஒரு பாதி பாரிஸில் நாடாவைத் திருப்பிக்கொண்டிருந்தபோது மறுபாதி ஊரில் விளக்கை ஊதி அணைத்துவிட்டுப் படுத்தது.

நாடாவில் பார்க்கிறவருக்கு ஆறு நாள் காத்திருப்பு இல்லை. முடிச்சு விழுந்த இடத்தில் நாடா ஓடிக்கொண்டேயிருக்கும். ஒரே இருப்பில் ஒரு மாதக் கதை தீரும். பிற்காலத்தில் கவிதாலயா நிறுவனம் யூடியூபில் இந்தக் கதைகளை ஏற்றியபோதும் அதே நிலைதான். கதை முழுதாகக் கிடைத்தது. கிணற்றடிப் பேச்சு கிடைக்கவில்லை. 1997இல் சென்னைக்காரர் பார்த்த தொடரும் பின்னாளில் குருநகர்க்காரர் பார்த்த தொடரும் படமளவில் ஒன்று, அனுபவத்தில் வெவ்வேறு.

*

இருந்தாலும் குருநகருக்கு இந்தக் கதை அந்நியமானதாக இருக்க முடியாது. அதற்குக் காரணம் ஊரின் ஆலயத்திலேயே இருக்கிறது.

ஊரின் பாதுகாவலர் புனித யாகப்பர். யூலை 25 அவர் திருநாள். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரிடையே அவருக்கு இன்னொரு பெயர், சந்தியோகுமையோர். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து அவரைக் குதிரைமேல் வாளேந்தி வருகிறவராகக் காட்டும் வழக்கு உண்டு. தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் 1647இல் அவர்மேல் ஓர் அம்மானையே பாடியிருக்கிறார். இக்கட்டில் குதிரையேறி வந்து காக்கும் புனிதர் ஒருவரை முந்நூற்றைம்பது வருடமாகக் கும்பிட்டு வந்த மண்ணுக்கு, இரவில் குதிரையேறி வந்து நியாயம் தீர்க்கும் காவல் தெய்வத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மதம் வேறு, குதிரை ஒன்று.

கூத்தும் அதே பாடத்தைத்தான் நடத்தியது. குருநகர் தென்மோடிக் கூத்தின் ஊர். இரவு தொடங்கி விடியும்வரை ஆடும் கத்தோலிக்கக் கூத்துகளில் அமானுஷ்யம் கதையின் அச்சாணி. ‘எஸ்தாக்கியார்’ கதையில் வேட்டைக்காரன் துரத்திய மானின் கொம்புகளுக்கிடையே சிலுவை தோன்றுகிறது. ‘ஞானசௌந்தரி’யில் சிற்றன்னையின் சூழ்ச்சியால் வெட்டுண்ட கைகளை மாதா திரும்பக் கொடுக்கிறாள். முடிச்சு, சூழ்ச்சி, அற்புதம், தீர்ப்பு: ஒரு மர்மத் தொடருக்கு வேண்டிய அத்தனையும் கொட்டகையில் ஏற்கெனவே இருந்தது.

வித்தியாசம் ஒன்றே. கூத்தில் விடை ஆரம்பத்திலேயே எல்லோருக்கும் தெரியும். மாதா கைகளைக் கொடுப்பாள் என்பது பாயில் படுத்திருக்கும் குழந்தைக்கும் தெரியும். அந்த இடம் வரும்போது நித்திரையில் இருப்பவரையும் தட்டி எழுப்புவார்கள். மர்மதேசம் விடையை ஒளித்து வைத்து ஆட்களை விழிக்க வைத்தது. கூத்து விடையைச் சொல்லிவிட்டே விழிக்க வைத்தது. இரண்டில் பின்னதுதான் கடினமான கலை.

வளவுகளின் பேய்க் கதைகள் தனி. கர்ப்பிணிப் பெண்ணைத் தொடரும் கொத்தி, ஒற்றைப் பனையில் நிற்கும் முனி, சுடலைப் பக்கம் தெரியும் கொள்ளிவாய்ப் பேய். செபமாலை சொல்லும் வீடுகளிலும் இந்தக் கதைகள் குறைவில்லாமல் உலவின. வேப்பிலைக்குப் பதில் தீர்த்தம் தெளித்தார்கள், அவ்வளவுதான்.

*

1998 யூலையில், பாடசாலை மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியின் கொலை வழக்கில் தண்டனை பெற்ற இராணுவத்தினன் ஒருவன் கொழும்பு நீதிமன்றத்தில் ஒன்றைச் சொன்னான். செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்றான்.

செம்மணி குருநகருக்குக் கிழக்கே சில கிலோமீற்றர்தான். 1999இல் தோண்டியபோது 15 உடல்கள் எடுக்கப்பட்டன. நூற்றுக்கணக்கில் தேடிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அந்தப் பதினைந்து ஒரு விடையாக இருக்கவில்லை.

அமானுஷ்யத் தொடரைப் பற்றி எழுதும் இடத்தில் இதையும் எழுதியாக வேண்டும். அதே வருடங்களில் திரையில் ஒவ்வொரு மர்மமும் கடைசிப் பகுதியில் அவிழ்ந்தது. குற்றவாளியின் முகம் வெளிச்சத்துக்கு வந்தது. குடாநாட்டில் எந்த மர்மமும் அப்படி அவிழவில்லை. தவறு செய்தவனைக் கருப்பு விடாது என்ற கதை, பிள்ளையைத் தேடும் ஒரு தாயின் காதில் பொழுதுபோக்காக விழாது. அது அவளுக்கு ஒரு வேண்டுதல்.

*

1999 டிசம்பரில் சன் தொலைக்காட்சியில் ‘சித்தி’ தொடங்கியது. ராதிகாவின் ராடான் நிறுவனத் தயாரிப்பு. கிழமையில் ஐந்து நாள்.

தமிழ்ச் சின்னத்திரையின் திருப்பம் அது. நாளாந்தத் தொடரின் பொருளாதாரம் வேறு. தினமும் ஒரு பகுதி வேண்டும். ஆகவே வீட்டுக்குள்ளேயே படமாக்க வேண்டும், கதை முடியக்கூடாது. தோப்பிலும் கோயிலிலும் நாட்கணக்கில் காத்திருந்து எடுக்கும் கிழமைத் தொடருக்கு அங்கே இடமில்லை. ஒரு முடிவை நோக்கியே கட்டப்படுவது மர்மக் கதை. முடிவே வேண்டாத சந்தையில் அது நிற்க முடியாது. 2001இல் ‘எதுவும் நடக்கும்’ கதையோடு மர்மதேசம் நின்றது.

2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏ-9 வீதி திறந்தது. லொறிகளில் சீமெந்தும் சவர்க்காரமும் வந்தன. டிஷ்களும் அலைவாங்கிப் பெட்டிகளும் வீசிடிக்களும் அவற்றோடு வந்தன. துணி போர்த்திக் கிடந்த பெட்டிகளின் துணி விலகியது. ஆனால் குருநகர் பெட்டியைத் திறந்தபோது அதற்குள் இருந்தது மர்மதேசம் அல்ல. இரவுதோறும் வரும், முடியவே முடியாத குடும்பத் தொடர்கள்.

கடலில் இரவுத் தொழில் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. கூத்துக் கொட்டகைகள் மீண்டும் எழுந்தன. அண்ணாவியார்கள் பிள்ளைகளைக் கூத்துப் பழக அழைத்தது மாலைச் செபம் முடிந்த பின், இரவுச் சாப்பாட்டு நேரத்தையொட்டி. சன் தொலைக்காட்சியின் தொடர் வரிசை தொடங்குவதும் அதே வேளையில்.

ஒரே இரவை இரண்டு பேர் கேட்டார்கள். 2002இல் குருநகர் அதை யாருக்குக் கொடுத்தது?

(அடுத்த கிழமை)